நான் சுணக்கிய ஐந்து கிழமை

என்ரை குஞ்சு சுகந்திக்கு,

உன் மகள் ஆதிரைக்கு ஏழு வயதாகிவிட்டது. முன்பல் இரண்டும் விழுந்து, பொக்கை வாயோடு என்னுடன் சண்டைக்கு வருகிறாள். வாய்க்காரி. அது உன்னிடமிருந்து வந்ததல்ல, என்னிடமிருந்துதான்.

போன கிழமை மானிப்பாயில் ஒரு கலியாண வீடு. சின்ன மாமி ஆதிரையை இழுத்து அணைத்து, "இந்தப் பிள்ளைக்காகத்தானே தாய் தன்ரை உயிரைக் குடுத்தவள்" என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். திரும்பும்போது பஸ்ஸில் பிள்ளை வாயே திறக்கவில்லை. வீட்டு வாசல் படலையடியில் நின்றுதான் கேட்டாள்: "பெரியம்மா, நான் வயித்துக்குள்ள இருந்ததாலையோ அம்மா செத்தவ?"

ஊர் அப்படிச் சொல்லும்போதெல்லாம் நான் பேசாமல் இருந்திருக்கிறேன், சுகந்தி. அந்தக் கதை எனக்கு வசதியாக இருந்தது. இன்றைக்கு உன்னிடம் அதை ஒத்துக்கொள்கிறேன்.

அவள் வயிற்றில் இருந்த நாலாம் மாதம் உன் தொடையில் கட்டி தேசிக்காய் அளவு சின்ன உருண்டையாக இருந்தது. ஸ்கான் பார்த்த டொக்டர், ஊசியால் கொஞ்சம் சதை எடுத்துப் பரிசோதிக்க வேண்டும், பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது என்று படித்துப் படித்துச் சொன்னார். கேட்டது உன்னை. பதில் சொன்னது நான். "பிள்ளை பிறக்கட்டும் டொக்டர், பிறகு பாப்பம்."

பிள்ளைத்தாச்சி இருக்கும் வீட்டில் சுவருக்கு ஆணி அடிக்கவே விடாத குடும்பம் நாங்கள். உன் உடம்பில் ஊசி குத்த விடுவோமா? கட்டார் நாட்டில் வேலைக்கு இருந்த உன் மனுசனும் போனில், "அக்கா சொல்லுறபடி செய்" என்றார்.

ஐந்து கிழமையில் கட்டி மாங்காய் அளவாகிவிட்டது. ஒருநாள் நான் வேலைக்குப் போன பிறகு, நீ தனியே பஸ் ஏறிப் போய் ஊசிப் பரிசோதனைக்கும் ஒப்பரேசனுக்கும் கையெழுத்து வைத்துவிட்டு வந்தாய்.

"கோவிக்காதேங்கோ அக்கா. பிள்ளைக்குத் தாயும் வேணுமெல்லே?"

வேகமாகப் பரவும் சதைப் புற்று என்றார்கள். ஆறாம் மாதம் வெட்டி எடுத்தார்கள். ஏழாம் மாதம் மருந்து ஏற்றினார்கள். உன் தலைமயிர் முழுவதும் கொட்டிவிட்டது. பிள்ளையோ கறுகறுவென்று தலை நிறைய மயிரோடு பிறந்தாள். அதைத் தடவித் தடவி நீ சிரித்த சிரிப்பை நான் எப்படி மறப்பேன்? பிறகு நோய் சுவாசப்பைக்குப் போய்விட்டது. அவளுடைய முதல் பிறந்தநாளுக்கு நீ இல்லை.

அந்த ஐந்து கிழமை வீணாகாமல் இருந்தால் நீ பிழைத்திருப்பாயா? டொக்டரிடம் கேட்டேன். "அதை ஒருத்தராலும் சொல்லேலாது" என்றார். ஓம், பிழைத்திருப்பாள் என்று அவர் சொல்லியிருந்தால் ஒரேயடியாக அழுது தீர்த்திருப்பேன்.

படலையடியில் அப்படியே நிலத்தில் குந்தியிருந்து பிள்ளைக்குச் சொன்னேன்.

"உன்னாலை இல்லையடி குஞ்சு. அம்மாக்குப் புற்றுநோய் எண்ட பொல்லாத வருத்தம் வந்தது. டொக்டர் உடனை கெதியா சோதிக்கச் சொன்னவர். நான்தான் பயத்தில நாளைக் கடத்திச் சுணக்கினது."

அவளும் என் பக்கத்தில் குந்திக்கொண்டாள்.

"அம்மா உங்களை ஏசினவவோ?"

"இல்லை. ஒருநாளும் ஏசேல்லை."

அவள்தான் என் கையைப் பிடித்து எழுப்பி உள்ளே கூட்டிக்கொண்டு போனாள்.

இனி எந்தச் சபையில் யார் அந்தக் கதையை எடுத்தாலும், பிள்ளைக்கு முன்னாலேயே எழும்பி மறுப்பேன். மாமி கோவித்தால் கோவிக்கட்டும். நீ சாகத் துணிந்து அவளைப் பெறவில்லை. அவளோடு வாழத்தான் அன்றைக்குக் கையெழுத்து வைத்தாய்.

உனக்காகப் பதில் சொல்லிப் பிழைவிட்ட,
உன் அக்கா