ஓர் அங்குலம் குறைந்த அம்மா

என் பாக்கியம் அக்காவுக்கு,

நீ போன பிறகு உன் வீட்டில்தான் குடியிருக்கிறேன். சென்னையில் வக்கீலாக இருந்த காலமெல்லாம் விருத்தாசலம் எனக்கு இரண்டு நாள் ஊர். ஜங்ஷனில் இறங்குவேன், கோயிலுக்குப் போவேன், உன் கையால் சாப்பிடுவேன், அடுத்த ரயிலைப் பிடிப்பேன். வந்துபோகிறவனுக்கு எந்த ஊரும் நல்ல ஊர்தான்.

குடியேறிய முதல் வாரத்திலேயே ஒன்றைத் தெரிந்துகொண்டேன். கடைவீதி வழியாக நீ சந்தைக்குப் போனதே இல்லையாம். காய்கறி விற்கிற அம்மாள் சொன்னாள்: "அந்தத் தங்கராசு கட வாசல மிதிக்கக் கூடாதுன்னு, ஆத்தோரமா வெயில்ல சுத்திக்கினு வருவாங்க சார் ஒங்க அக்கா." எத்தனை ஆண்டுகள் அப்படி நடந்தாய்? என்னிடம் ஏன் சொல்லவில்லை?

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக, நடந்ததை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். பொறுத்துக்கொள்.

நீ தொழிற்பேட்டையில் பீங்கான் பொம்மைகள் செய்துவந்தாய். நம் அம்மா முந்திரிக்கொட்டை உடைக்கும் கோலத்தை, ஒரு காலை நீட்டி, கட்டையை ஓங்கி, யாரையோ திட்ட வாயைத் திறந்தபடியே, களிமண்ணில் செய்து அச்செடுத்து வார்த்தாய். முதல் ஆறு பொம்மைகளையும், கடைவீதியில் பொம்மைக்கடை வைத்திருக்கும் தங்கராசுவின் சூளையில் சுடக் கொடுத்தாய். ஐந்துதான் திரும்பின. "ஒண்ணு வெடிச்சிப் போச்சிம்மா" என்றார் அவர். உடைந்த சில்லைக்கூடக் காட்டவில்லை. சில மாதங்களில் அதே அம்மா அவருடைய கடை அலமாரியில் உட்கார்ந்திருந்தாள். கீழே ஒரு பலகை: எங்கள் சொந்தக் கற்பனை.

நீ கேட்கப் போனாய். கடை நிறைய ஆட்கள் இருந்தபோது அவர் சொன்னதை ஃபோனில் அழுதுகொண்டே சொன்னாய்: "எம் பொம்மைய வச்சி அச்செடுத்துட்டு, எங்கிட்டயே நாயம் கேக்க வர்றியாம்மா?" அன்றிலிருந்து இந்த ஊருக்கு நீ காப்பியடித்தவள். பெற்ற தாயின் உருவத்தைத் திருடியவள்.

நான் உனக்குச் சொன்ன பதிலும் மறக்கவில்லை. வடிவத்தைப் பதிவு செய்யவில்லை. பதிவு செய்யாத வடிவத்தில் ஐம்பதுக்கு மேல் நீ வார்த்துவிட்டதால் பதிப்புரிமையும் நிற்காது. ஆதாரமில்லாமல் பேசினால் அவர் நம்மீது அவதூறு வழக்குப் போடுவார். "அவன் பொம்ம சின்னதா இருக்குதுடா தம்பி, அது போதாதா?" என்றாய். அளவு வேறென்றால் பொம்மையே வேறு என்று வாதிடுவார், பேசாமல் இரு என்றேன். "சரிடா" என்று ஃபோனை வைத்துவிட்டாய்.

சட்டம் முழுவதும் சரியாகச் சொன்னேன், அக்கா. மண்ணைப் பற்றி மட்டும் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பீங்கான் ஊரில் பிறந்தவனுக்கு, பச்சை மண் சூளையில் சுருங்கும் என்பது தெரியவில்லை. சுட்ட பொம்மையிலிருந்து அச்செடுத்தால், அந்த வார்ப்பு இன்னொரு முறை சுருங்கும். திருடியது சிறியதாகத்தான் இருக்க முடியும். நீ என் கையில் சாட்சியத்தையே கொடுத்தாய். நான் அதைத் தள்ளுபடி செய்தேன். நீ கண்மூடிய பிறகுதான், குடிவந்த இடத்தில் ஒரு சூளைக்காரர் பேச்சுவாக்கில் சொல்ல, எனக்குப் புரிந்தது.

சென்ற மாதம், மாசி மகத்தன்று, என்னோடு தொழில் செய்த நண்பர் மனைவியுடன் வந்திருந்தார். ஐந்து கோபுரம், ஐந்து பிரகாரம் என்று எல்லாம் ஐந்தாக இருக்கும் கோயிலைச் சுற்றிக் காட்டினேன். ஊர் ஞாபகமாக என்ன வாங்கலாம் என்று கேட்டார்கள். தங்கராசுவின் கடைக்கு அழைத்துப் போனேன். திருவிழாக் கூட்டம். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. என் பையில் நீ செய்த பொம்மை இருந்தது.

அவருடைய அலமாரியில் இருந்த அம்மாவைக் காட்டிக் கேட்டேன்: "இது யார் செஞ்ச உருவம்?"

"நாந்தான் சார். இதப் பாத்து ஒரு அம்மா அச்செடுத்துச்சி. பாவம், செத்துப் போயிடுச்சி."

விற்ற பொம்மைகளுக்கு வைக்கோல் சுற்றிக்கொண்டிருந்த வேலையாள் மூர்த்தியிடம் திரும்பினேன். "சுட்ட பொம்மையில அச்செடுத்து வார்த்தா என்ன ஆகும்ப்பா?"

"சின்னதாப் பூடும் சார். சூளக்குப் போனா சுருங்காம என்னா பண்ணும்? பத்து அங்குலம் ஒம்பதாத்தான் வரும்."

உன் பொம்மையை எடுத்து அவர் பொம்மையின் பக்கத்தில் வைத்தேன். அளவுகோலையும் வைத்தேன். உன்னுடையது பத்து, அவருடையது ஒன்பது.

"அப்ப எதுங்க அம்மா, எது புள்ள?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். கடையே சிரித்தது. தங்கராசு மட்டும், "ஏ மூர்த்தி, ஒன் வேலையப் பார்றா" என்று கத்தினார். மூர்த்தி வாசல்வரை வந்து மெல்லச் சொன்னார்: "எங்களுக்கெல்லாம் அப்பவே தெரியும் சார். யாரும் எங்களக் கேக்கல." அந்த 'யாரும்' என்பதில் நானும் அடக்கம்.

நான் யாரென்று விசாரித்துத் தெரிந்துகொண்டு, மறுநாள் காலை தங்கராசு பழத்தட்டோடு வீட்டுக்கு வந்துவிட்டார். "பொம்மைக்குக் கீழ ரெண்டு பேர் பேரையும் போட்டுடறன் சார். வயசாயிடுச்சி. கூட்டத்துல எம் மானமே போச்சி."

"எங்க அக்காவுக்குப் போனதும் கூட்டத்துலதாங்க."

"அவங்களே இருந்தா மன்னிச்சிருப்பாங்க சார்."

அது உண்மை. "போவட்டும் விடுடா" என்றுதான் சொல்லியிருப்பாய். ஆனால் மன்னிக்கும் உரிமை உன்னுடையது. அதை நீ யாருக்கும் எழுதிவைக்கவில்லை. வாரிசு என்ற முறையிலும் அது எனக்கு வராது. பழத்தட்டை என் முன்னால் வைத்தார். எனக்குள் இரக்கம் இருக்கிறதா என்று நேர்மையாகத் தேடினேன். இல்லை, அக்கா.

அவரிடம் மரியாதையாகவே சொன்னேன். பலகையில் உன் பெயர் மட்டும் இருக்க வேண்டும். அடுத்த ஆண்டு மாசி மகத்தன்று, கடை நிறைய ஆட்கள் இருக்கும்போது, அன்று சொன்ன பொய்யை அவர் தன் வாயாலேயே திரும்பப் பெற வேண்டும். "அதுவரைக்கும்?" என்றார். அதுவரை இந்த ஊரைப் பார்க்க வரும் என் விருந்தாளிகள் எல்லோரையும், அக்காவின் பொம்மையோடும் அளவுகோலோடும், உங்கள் கடைக்கு அழைத்து வருவேன் என்றேன். பழத்தட்டை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன்.

வரும் ஞாயிறு கடலூரிலிருந்து ஒரு குடும்பம் வருகிறது. அடுத்த வாரம் என் பழைய கட்சிக்காரர்கள். கோயில் முடிந்ததும் அவர்களை எங்கே அழைத்துப் போவேன் என்பது தங்கராசுவுக்குத் தெரியும். குரலை உயர்த்த மாட்டேன். உண்மைக்கு மேல் ஒரு சொல் பேச மாட்டேன். அவர் அதைச் சொல்லும் நாள்வரை ஒரு வாரமும் தவற மாட்டேன். அன்று நீ கூப்பிட்டபோது நிற்காத இடத்தில் இப்போது நிற்கிறேன். உனக்கு நான் தரக்கூடிய வாக்கு இது ஒன்றுதான்.

நீ தூக்கி வளர்த்த தம்பி,
சபாபதி