இரண்டு அடி தள்ளி

ஜனவரி 3, 2025. அரியலூர்.

இண்டக்‌ஷன் அடுப்பைப் பின்கட்டில் போட்டுவிட்டேன். என் வீட்டுக்காரர் நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்து வீட்டுக்கு வந்தாயிற்று. டாக்டர் சொன்னதை வரவு செலவு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதினேன்: அடுப்பு, ஓடுகிற மோட்டார் – இரண்டு அடி. காந்தம் – ஒரு சாண். செல்போன் – வலது காது.

கடை போட்டு, மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டியே பிழைத்தவருக்குக் காந்தம் ஆகாதாம். முருகா, இது என்ன கணக்கு?

ஜனவரி 5

மகள் நந்தினியின் பழைய பள்ளி அறிவியல் புத்தகத்தைப் படித்தேன். கம்பியில் கரண்டு போனால் அதைச் சுற்றிக் காந்தப்புலம். கம்பியைச் சுருட்டினால் கூடும். விலக விலகக் குறையும். நிறுத்தினால் இல்லை.

அவளுடைய காந்த ஊசிப் பெட்டியை எடுத்துக்கொண்டு வீடெல்லாம் சுற்றினேன். அயர்ன் பாக்ஸ் ஒயர் மேல் பிடித்தேன். முள் அசையவில்லை. ஆபத்தில்லை என்று குறித்துக்கொண்டேன்.

அவர் சிரித்தார். "வூட்டுக் கரண்டு நொடிக்கு அம்பது தரம் போயிட்டுப் போயிட்டு வருது கவிதா. முள்ளு பாவம், எந்தப் பக்கம்னு திரும்பும்?"

டார்ச் பேட்டரியில் செம்புக் கம்பியைத் தொட்டு முள் மேல் காட்டினார். சட்டென்று திரும்பியது. எடுத்ததும் வடக்குக்கே போய்விட்டது.

"செம்பு காந்தத்துல ஒட்டாது. கரண்டு போனா அதுவே காந்தம்."

எத்தனை நாளாயிற்று, இந்தச் சிரிப்பைப் பார்த்து.

ஜனவரி 11

சனிப் பிரதோஷம். கீழப்பழுவூர் கோயில். தீபாராதனைக்கு மோட்டார் மேளத்தைப் போட்டதும் அவர் கையைப் பிடித்துத் தூணுக்குப் பின்னால் இழுத்துவிட்டேன். சாமி தெரியவில்லை.

"சாமிகிட்டயும் ரெண்டடியா?" என்றார்.

ஜனவரி 19

"கடையில சும்மா உக்காந்துட்டு வரேன். எதையும் தொடமாட்டேன்."

முடியாது என்றேன். சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். கோபித்துக்கொள்ளட்டும். ஆள் இருக்கட்டும், அது போதும்.

ஜனவரி 30

டாக்டர் நெஞ்சிலிருக்கும் மெஷினைச் சோதித்தார். நன்றாக இருக்கிறதாம். ஓடுகிற மோட்டார் மேல் குனியாமல் இருந்தால் கடைக்குப் போகலாமாம். வரும் வழியெல்லாம் பேச்சுத்தான். தைப்பூசத்தன்று ஷட்டரைத் தூக்கப் போகிறாராம். சரி என்றேன்.

பிப்ரவரி 6

அவர் போய்விட்டார்.

பிப்ரவரி 9

எழுதினால்தான் மூச்சு வருகிறது.

எடுப்பதற்கு முன் சுடுகாட்டு ஆள் ஒருவர் வந்து கேட்டார்: "நெஞ்சுல பேட்டரி ஏதும் இருக்காம்மா? எரியும்போது வெடிச்சிரும்." ஆஸ்பத்திரியிலேயே எடுத்துவிட்டார்கள் என்று நந்தினி சொன்னாள். 

நாத்தனார் மலர்க்கொடி ஊரே கேட்க அழுதாள். "அந்தக் கரண்டு அடுப்புதான் எங்கண்ணனக் கொண்டுபோயிருச்சு!"

அடுப்பு பின்கட்டில் தூசி படிந்து கிடக்கிறது. 

டாக்டர் சொன்னது வேறு. "மெஷின் நிக்கலம்மா. கடைசி வரைக்கும் கரண்டு அனுப்பிக்கிட்டேதான் இருந்துச்சு. இதயம்தான் கேக்கல."

அப்படியென்றால் காந்தம் இல்லை. மோட்டார் இல்லை. மேளம் இல்லை. எதிலிருந்து காப்பாற்றினேன் நான்? அன்றைக்குத் தீபாராதனையையாவது பார்க்க விட்டிருக்கலாமே—

பிப்ரவரி 11

தைப்பூசம். கோயிலுக்குப் போகவில்லை.

பிப்ரவரி 23

காரியம் முடிந்து எல்லோரும் ஊருக்குப் போய்விட்டார்கள். காலையில் காஸ் தீர்ந்துவிட்டது. பின்கட்டிலிருந்து இண்டக்‌ஷன் அடுப்பை எடுத்து வந்து துடைத்து, மேடையில் வைத்தேன். பால் பாத்திரத்தை ஏற்றினேன்.

சுவிட்சில் கை வைத்தபடி, "கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றேன்.