என் பெயரில் எரிந்த விளக்கு

பிப்ரவரி 3
வீட்டுக்காரர் ஹடாட் எனக்கு வாடகைக்கு வீடு தர மறுத்துவிட்டார். இரண்டு அறை, தம்பி கோரியின் பள்ளிக்கூடம் நடக்கிற தூரம். இந்த டொலீடோ ஊரில் என் சம்பளத்துக்கு வேறு எது கிடைக்கும்?

"உன்மேல கோவமில்லம்மா. ஆனா உன் கடன் கணக்கச் சொல்ற கிரெடிட் ரிப்போர்ட்ல கரண்ட் பாக்கி வசூல் கம்பெனிக்குப் போனதா நிக்குதே. அத முடிச்சுட்டு வா. மார்ச் கடைசிவரைக்கும் வேற யாருக்கும் குடுக்கல" என்றார்.

ஆயிரத்து நூறு டாலர். எனக்குப் பதினேழு வயதில் என் பெயரில் வாங்கிய இணைப்பு. வாங்கியது அம்மா. அவள் பெயருக்கு எந்தக் கம்பெனியும் தராது. என் அரசு அடையாள நம்பர் அப்போது கடனில்லாமல் சுத்தமாக இருந்தது.

அம்மாவிடமிருந்து எடுத்த தம்பியை யாரிடம் விடுவது என்று ஏப்ரலில் கோர்ட் முடிவு செய்யும். அதற்குள் எனக்கு ஒரு வீடு இல்லையென்றால் கோரியை என்னிடம் தராமல் லைமா ஊரில் இருக்கும் விடுதிக்கு அனுப்பிவிடுவார்கள். பதின்மூன்று வயதுப் பையன்.

பிப்ரவரி 5
குழந்தைகள் நலத்துறை மிஸ் ப்ரன்சனிடம் சொன்னேன். "போலீஸ்ல எழுதிக் குடு ஷெல்பி. அது உன் கடனே இல்லன்னு ஆயிடும்" என்கிறார். லேசாகச் சொல்லிவிட்டார். அம்மாவை ஏற்கெனவே ஒரு வழக்கில் கோர்ட் கண்காணிப்பில்தான் வெளியே விட்டிருக்கிறது. இன்னொரு வழக்கு வந்தால் உள்ளே. பெற்றவளை நானே பிடித்துக் கொடுப்பதா? கட்டித் தொலைக்கிறேன்.

பிப்ரவரி 14
வரி ரீஃபண்ட் வந்தது. முழுசாக வசூல்காரனுக்குப் போனது, கடன் தீர்ந்தது. "வாழ்த்துகள் மேடம்!" என்றான் போனில். எதற்காம்?

அம்மாவிடம் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். "நீ தங்கம்டி" என்று அழுதாள்.

மார்ச் 9
ரிப்போர்ட்டில் இன்னும் பாக்கி என்றே இருக்கிறது. வசூல் கம்பெனி: "நாங்க சொல்லிட்டோம் மேடம், அவங்களக் கேளுங்க." ரிப்போர்ட் கம்பெனி: "எங்களுக்கு எதுவும் வரல மேடம், அவங்களக் கேளுங்க." இருவரும் தேனாகப் பேசுகிறார்கள். அதுதான் வயிற்றெரிச்சல். ரசீது நகலைப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். அதனால் நான் வேலை செய்யும் சலவை அறைக்குத் தாமதம், திட்டு.

மார்ச் 12
கோரி போனில்: "அக்கா, என் ரூமுக்கு ஜன்னல் உண்டா?" உண்டு என்றேன். வீடே இல்லை.

மார்ச் 26
மாறிவிட்டது! 'முழுவதும் செலுத்தப்பட்டது.' பேருந்தில் அழுதேன், எதிரில் இருந்தவர் கைக்குட்டை நீட்டினார்.

ஹடாட் வாடகைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். "கரண்ட மட்டும் உன் பேருக்கு மாத்திட்டு வா, சாவி தரேன்."

மார்ச் 27
கரண்ட் கம்பெனிப் பெண் சொல்கிறாள்: "உங்க பேர்ல ஏற்கெனவே ஒரு இணைப்பு ஓடுதே மேடம். பாக்கியும் இருக்கு. அத கட்டாம புதுசு தர முடியாது." பிப்ரவரி 16-ஆம் தேதி வாங்கியது. முகவரி அம்மாவுடையது.

நான் கட்டி இரண்டு நாள். இரண்டே நாள். அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"குளிர்ல சாகச் சொல்றியா? பழசத்தான் கட்டிட்டியே, பேரு சுத்தமாயிடுச்சேன்னுதான்..." என்றாள். வெட்கமே இல்லாமல். அடிப்பாவி, நான் உன் பிள்ளைடி — கத்திவிட்டேன்.

கையில் நாற்பது டாலர் இருக்கிறது. கட்ட வழியில்லை. கட்டினால் மட்டும் நிற்குமா?

மார்ச் 29
காவல் நிலையம் போனேன். "யார் செஞ்சதுன்னு தெரியுமாம்மா?"

தெரியும் என்றேன்.

மார்ச் 31
புகார் நகலைப் பார்த்ததும் கம்பெனி இணைப்பு கொடுத்தது. சாவி கைக்கு வந்தது. சந்தோஷம் வரவில்லை.

ஏப்ரல் 19
கோர்ட் சம்மதித்தது, கோரி வந்துவிட்டான். வந்ததும் எல்லா அறையிலும் விளக்கைப் போட்டுப் பார்த்தான். மக்ரோனியும் சீஸும் இரண்டு தட்டு சாப்பிட்டான்.

அம்மாவைத் திங்களன்று போலீஸார் அழைத்துப் போய்விட்டார்கள். மிஸ் ப்ரன்சன் சொன்னார். இவனுக்கு இன்னும் தெரியாது.

"அம்மாவுக்குப் போன் போட்டு வீட்டக் காட்டலாமாக்கா?"

"அவ போன் வேலை செய்யலடா."

"மறுபடியும் காசு கட்டலியா?" என்று சிரித்தான்.

ஆமாம் என்றேன்.