பாடாத பூசை

செப்டம்பர் 2, செவ்வாய்

விடைத்தாள் திருத்த உட்கார்ந்தால் ஹாலில் அண்ணனின் நடை. ஜன்னலிலிருந்து கதவுவரை, மறுபடி ஜன்னல்வரை. நாடு கடத்தப்பட்ட பாதிரியாரான என் அண்ணனுக்கு ஊர் திரும்ப அனுமதி கிடைக்கும் போலிருக்கிறது. பூசை வைக்கலாம், பிரசங்கமும் பாட்டும் கூடாது. ஞாயிறன்று இங்குள்ள கோயிலில் எங்கள் நாட்டுத் தூதரகத்து ஆள் வந்து பார்ப்பாராம்.

"அறுபது வயசுல பரீட்சை வைக்கிறாங்க, டீச்சரம்மா."

"பாஸாகிடுவீங்களா?"

மறுபடி ஜன்னல் பக்கம் நடந்தார். ஊரில் இருக்கும் அம்மாவின் கல்லறையை அவர் இன்னும் பார்த்ததில்லை.

செப்டம்பர் 4, வியாழன்

அண்ணன் இசை நாடக வரலாற்றை ஆராய்ந்து, கோமாளி எதைப் பாடினாலும் அரசாங்கம் சிரித்துவிட்டுப் போய்விடும் என்று நிறுவியவர். சுடப்பட்ட தொழிலாளிகளின் அடக்கப் பூசையில் பழைய கோமாளிப் பாட்டு ஒன்றைப் பாடினார். யாரும் சிரிக்கவில்லை. விமானத்தில் ஏற்றிவிட்டார்கள். ஆய்வேட்டுக்கு இதைவிடக் கறாரான தேர்வாளர் கிடைத்திருக்க மாட்டார்.

ஒன்பது வருடமாக என் வீட்டில். அவர் போக வேண்டும் என்றுதான் நினைக்கிறேனா? என் ஹால், என் அமைதி. ஆனால் அங்கே போய் வாயைத் திறந்து, பிடித்து உள்ளே போட்டால்? — இந்த மனுஷனால சும்மா இருக்க முடியுமா?

செப்டம்பர் 6, சனி

அவருடைய அங்கிக்கு இஸ்திரி போட்டேன். இரண்டு தடவை.

செப்டம்பர் 7, ஞாயிறு

கோயிலுக்குப் போனேன். பக்தியால் அல்ல, பயத்தால். தூதரகத்து ஆள் முன்வரிசையில், கால்மேல் கால். அண்ணன் பூசை முழுவதையும் வெறுமே வாசித்தார். நல்ல பிள்ளை. முடிவில் கீபோர்டுக்காரப் பெண் ஒரு மெட்டை எடுத்தாள் — ஞானப்பாட்டு அல்ல. அந்தக் கோமாளிப் பாட்டு.

அண்ணன் வாயை இறுக மூடிக்கொண்டு, ஒரு கையை மட்டும் உயர்த்தி நின்றார். அந்த நிலை எனக்குத் தெரியும். அவர் ஆய்வேட்டைத் தட்டச்சு செய்தவள் நான். போலீஸ் ஒரு பாட்டைத் தடை செய்தால் நடிகர் இப்படித்தான் நிற்பாராம். ஆர்மோனியம் மட்டும் வாசிக்கும். கொட்டகையே பாடும்.

கோயிலில் இருந்தவர்கள் எல்லாரும் எங்கள் நாட்டுக்காரர்கள். பாடினார்கள்.

வெளியே வந்ததும் சண்டை பிடித்தேன்.

"நான் பாடவேயில்லையே," என்றார்.

"இன்னும் நாலு நிமிஷம் பொறுத்திருந்தா ஊருக்குப் போயிருக்கலாம்!"

"நீயும்தான் பாடின. பாத்தேன்."

பாடினேனா?

செப்டம்பர் 10, புதன்

தூதரகத்திலிருந்து போன். அனுமதி இல்லை. அண்ணன் "சரிங்க" என்று வைத்துவிட்டார். காபி ஆறிப்போகும்வரை கையிலேயே இருந்தது.

"அம்மா கோவிச்சுப்பாங்களா?"

"உங்க பிரசங்கத்தைக் கேட்டாத்தான் அம்மாவுக்குத் தூக்கம் வரும். பாட்டுன்னா முழிச்சிருப்பாங்க."

சிரித்தார். பிறகு அழுதார். நான் எழுந்து போகவில்லை.

செப்டம்பர் 13, சனி

விடிந்ததும் குளியலறையில் கச்சேரி. கீழ்வீட்டு அம்மா ஏறி வந்துவிட்டார்.

"உங்க அண்ணன் ஊருக்குப் போறதா சொன்னீங்களே, எப்பங்க?"

"போகலைங்க," என்றேன். "ஏழு மணிக்கு மேல பாடச் சொல்றேன்."