‘சரி’ சொன்னால் குழாய் கழுவ வேண்டும்

மார்ச் 4

தீயணைப்புப் பயிற்சிக் கட்டடத்தில் புகை போட்டு ஒத்திகை. நானும் குழுவில் எல்லாரும் மீசை என்று கூப்பிடுகிறவரும் குழாயோடு மாடிக்கு ஏறினோம். பாதிப் படியில் குழாய் தொளதொளத்துத் தொங்கிவிட்டது. தண்ணீர் இல்லை. நிஜத் தீயாக இருந்திருந்தால் இரண்டு பேரும் கருகியிருப்போம்.

இறங்கி வந்து பம்ப் அண்ணனிடம் கத்தினேன். இருபது வருடமாக வண்டிப் பம்பை ஓட்டுகிறவர், கோபப்படக்கூட இல்லை. “டேங்க்ல அரை நிமிஷத் தண்ணிதான் இருக்கு, இப்பப் போகாதன்னு சொன்னேனேம்மா. சரி சரின்னு தலையாட்டிட்டுத்தானே போன?”

சொல்லியிருக்கிறார். என் இடப்பக்கம் நின்று. நான் தலையாட்டியதைக் குழுவே பார்த்திருக்கிறது. நான் அந்தக் குழுவின் தலைவி.

மார்ச் 5

இடது காது ஒன்றரை வருடமாகச் சரியாகக் கேட்பதில்லை. போதும், எழுதியாகிவிட்டது.

மார்ச் 7

சமையலறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன். மகள் பக்கத்தில் வந்து என்னவோ கேட்டாள். “சரி” என்றேன். கொஞ்ச நேரத்தில் நெற்றிவரை முடியைக் கன்னாபின்னாவென்று கத்தரித்துக்கொண்டு வந்து நிற்கிறாள். “முடி வெட்டிக்கவான்னு கேட்டேன், சரின்னியே!” நாளைக்குப் பள்ளியில் அவளுக்குப் புகைப்படம் வேறு.

வீட்டுக்காரர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்: “உனக்குக் காது கேக்கலைங்கிறது எனக்கு எப்பவோ தெரியும். கேக்கலைன்னு சொல்ல மாட்டேங்கிற பாரு, அதுதான் பயமா இருக்கு.”

எனக்கு வந்த ஆத்திரத்தில் பாத்திரத்தைப் போட்டு உடைத்திருப்பேன். அவர் சொன்னது உண்மை. அதனால்தான் அவ்வளவு ஆத்திரம். ‘என்ன சொன்னீங்க, திரும்பச் சொல்லுங்க’ என்று கேட்டால் என்ன குறைந்துவிடும்? கெத்துக் குறைந்துவிடுமா? ஒரு ‘சரி’யை வைத்து ஒன்றரை வருடம் ஓட்டியிருக்கிறேன்.

மார்ச் 10

நிலைய அதிகாரி கூப்பிட்டார். ஒத்திகை விஷயம் அவர்வரை போயிருக்கிறது. யார் சொன்னது என்று கேட்கவில்லை, மீசைதான். எனக்கு அடுத்த நிலையில் இருப்பவர், என் நாற்காலிமேல் ஒரு கண் உண்டு. ஆனால் குழாயோடு படியில் நின்றவரும் அவர்தானே.

“அடுத்த மாசம் உடல் பரிசோதனை வருது. அதுக்கு முன்னாடி நீங்களே மேசை வேலைக்கு எழுதிக் குடுத்துட்டா மரியாதையா இருக்கும்மா.”

என்ன மரியாதை? யாருக்கு மரியாதை? பதினாலு வருஷம் புகையைத் தின்னுட்டு, இனி ரப்பர் ஸ்டாம்ப் குத்திக்கிட்டு உக்காரணுமா? முடியாது. எழுதிக் குடுக்க மாட்டேன். பண்ணினது தப்பு, ஒத்துக்கறேன். தப்பைச் சரி பண்ணுவேன். ஓடிப் போக மாட்டேன்.

மார்ச் 12

நானே காது டாக்டரிடம் போனேன். வலது காது நன்றாக இருக்கிறது. இடது காது கால்வாசிகூட இல்லை. கருவி போட வேண்டுமாம், போட்டாலும் பாதிதான் தேறும் என்றார். அறிக்கையை நேராக அதிகாரி மேசையில் கொண்டுபோய் வைத்தேன்.

“பரிசோதனைக்கு இன்னும் நாள் இருக்கே, இப்பவே ஏன்?”

“ஒளிச்சு வச்சது போதும் சார்.”

மார்ச் 13

குழுவை வண்டிக்கு முன்னால் நிற்கவைத்து விஷயத்தைச் சொன்னேன்.

புது விதி: இனி யாரும் ‘சரி’ சொல்லக் கூடாது. தலையாட்டவும் கூடாது. என்ன சொல்லப்பட்டதோ அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். திருப்பிச் சொல்லாவிட்டால் கேட்கவில்லை என்று கணக்கு. வாய்தவறி ‘சரி’ என்கிறவர் குழாய் அத்தனையையும் கழுவிக் காயப்போட வேண்டும்.

மீசை கையைக் கட்டிக்கொண்டார். “காது கேக்காதது உங்களுக்கு. நாங்க ஏன் மேடம் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிக்கணும்?”

“முகமூடியை மாட்டிக்கிட்டு, பம்ப் சத்தத்துல, உங்களுக்கு மட்டும் என்ன கேக்குது?” என்றேன். “அப்ப ஆரம்பிக்கலாமா மேடம்?” என்றார் பம்ப் அண்ணன், குறும்பாக. என்றைக்கும் என்னை மேடம் என்று கூப்பிடாதவர்.

“சரி” என்றேன்.

மார்ச் 14

குழாய் கழுவினேன்.

மார்ச் 15

இன்றும் நானே. முதுகு விட்டுப்போயிற்று.

மார்ச் 21

மீசை கழுவினார். உள்ளுக்குள் துள்ளினேன்.

காதுக் கருவி வந்துவிட்டது. தலைக்கவசத்தைப் போட்டால் கீச்சிடுகிறது. சனியன்.

ஏப்ரல் 2

மத்தியானம் மெத்தைக் கிடங்கில் தீ. மீசையும் இன்னொருவரும் உள்ளே போனார்கள். நான் வாசலில். தகரக் கூரை நடுவில் தொய்வதைப் பார்த்ததும் வாக்கி டாக்கியில் சொன்னேன்: “கூரை இறங்குது, வெளிய வாங்க.”

“கூரை இறங்குது, வெளிய வரோம்.” ஒரே ஒரு குரல். மீசையின் குரல் இல்லை.

புது விதிக்கு முந்தி என்றால் அந்த ஒரு பதிலே போதும் என்று நின்றிருப்பேன். மறுபடி சொன்னேன். மறுபடியும் அதே ஒரு குரல். அந்த ஆள் வெளியே வந்துவிட்டார். “பின்னாடியே வராருன்னு நெனச்சேன்” என்றார்.

“அண்ணே, வாசலை நீங்க பாத்துக்கங்க, நாங்க ரெண்டு பேரும் உள்ள போறோம்.” பம்ப் அண்ணன் ஒரு வார்த்தை விடாமல் திருப்பிச் சொன்னார். வந்தவரை என் இடப்பக்கம் நிறுத்திக்கொண்டு குழாயைத் தடவித் தடவிப் போனோம். மீசை கடைசி அடுக்குக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார், சாவகாசமாக. அவருடைய வாக்கி டாக்கி செத்துப்போயிருந்தது. சட்டையைப் பிடித்து இழுத்து வந்தேன். வாசல் தாண்டி நாங்கள் மூச்சு வாங்கும்போது கூரை விழுந்தது.

வண்டிப் படியில் உட்கார்ந்து செத்த வாக்கி டாக்கியைத் தட்டித் தட்டிப் பார்த்தார். “எனக்கு ஒண்ணுமே கேக்கல மேடம்.”

“தெரியும்.”

நிலையம் திரும்பியதும் எல்லாக் குழாயையும் அவரே கழுவினார். அவர் ‘சரி’ என்று சொல்லக்கூட இல்லை.

ஏப்ரல் 9

பரிசோதனை முடிந்து அதிகாரி எங்கள் வண்டிக் கொட்டகைக்கே வந்தார். இடப்பக்கம் நின்று ஆரம்பித்தார். “இந்தப் பக்கம் வாங்க சார்.” வந்தார்.

“கருவி எப்பவும் போட்டிருக்கணும்.”

“கருவி எப்பவும் போட்டிருக்கணும்.”

“ஆறு மாசத்துக்கு ஒருதடவை காதைச் சோதிக்கணும்.”

அதையும் சொன்னேன்.

“வர்ற ஒண்ணாம் தேதியிலிருந்து மேசை வேலைக்கு மாறணும்.”

வாயைத் திறக்கவில்லை. வண்டிக்குப் பின்னால் மீசை இருமினார்.

“காதுல விழலையா?”

“நல்லா விழுந்துது சார். திருப்பிச் சொல்லல. எங்க விதிப்படி கேக்கலன்னு கணக்கு.”

கையிலிருந்த தாளை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். மீசையை ஒருமுறை பார்த்தார். மூன்றாவதை இரண்டாம் தடவை சொல்லாமலே போய்விட்டார்.

மே 1

வேலைப் பட்டியல் ஒட்டியிருக்கிறார்கள். எங்கள் குழுவுக்கு நேராக, முதல் வரியில், என் பெயர். அதற்குக் கீழே பென்சிலில் மீசையின் கோழிக்கிறுக்கல்: ‘வலப்பக்கம் வந்து பேசவும்.’