ஒரு மரியேவுக்கு இருபது சொட்டு

நேற்று ஆஸ்பத்திரியில் என் கையில் ஊசி ஏற்றி, பாட்டிலைத் தலைக்கு மேலே தொங்கவிட்டார்கள். சொட்டு விழுவதைப் பார்த்ததும் எனக்குத் தாடை வலித்தது. நீ உடைத்த தாடை. ஐம்பது வருஷம் ஆகியும் மழைக்கு வலிக்கும். சொட்டுக்கும் வலிக்கும் என்று நேற்றுதான் தெரிந்தது, மாமு.

உன் ராயபுரத்து வீட்டுத் தொட்டி ஞாபகம் வந்தது. ஆறடி நீளம், மூன்று பக்கம் சிமெண்ட், முன்பக்கம் கண்ணாடி. நாம் ஹார்பரில் மூட்டை தூக்கிய காலம். கப்பல் சமையல்காரன் ஒருத்தன் பால் டின்னில் போட்டுக் கொடுத்த ஐந்து மீன் குஞ்சுகள் உன்னிடம் முழங்கை நீளத்துக்கு வளர்ந்தன. மீனா அவை, ரவுடிகள். ஒரு ஆண், நாலு பெண். மூன்று பெண்களை அவன் குதறிக் கொன்றான். நாலாவது திருப்பிக் கடித்தாள். வாயோடு வாய் கவ்வி ஒரு பகல் முழுக்க மல்லுக்கட்டினார்கள். உதடு கிழிந்து தொங்கிய பிறகுதான் ஜோடி சேர்ந்தார்கள்.

"உன் கல்யாணத்துல பாத்த மாதிரியே கீது" என்றேன். நீ சொம்பை எடுத்து என் மண்டையில் வீசினாய்.

மொத்தத் தண்ணீரையும் ஒரே நேரத்தில் மாற்றினால் இரண்டும் வெறி பிடித்துக் கண்ணாடியில் மோதின. அதற்காக நீ செய்ததுதான் அந்த 'ஆட்டோமேட்டிக்'. செங்கல் மேடை மேல் ஒரு டிரம். அதிலிருந்து ஐந்து ரப்பர் குழாய்கள். எல்லாம் ஆஸ்பத்திரியில் கழித்துப் போட்டவை, நீ வேக வைத்து எடுத்தாய். ஒவ்வொன்றிலும் ஒரு திருகு. புதுத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக இறங்கும். இறங்கிய அளவு பழைய தண்ணீர் மறுபக்கத்து ஓட்டை வழியாகச் சாக்கடைக்குப் போகும். வெயிலில் ரப்பர் தளரும் என்பதால் தினமும் சொட்டை எண்ணித் திருக வேண்டும். உன் வீட்டில் கடிகாரம் கிடையாது.

"ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லி முடிக்கிறதுக்குள்ள இருவது சொட்டு. அதான் கணக்கு, நைனா" என்றாய்.

வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறேன் என்று நீ நேர்ந்துகொண்டிருந்தாய். கிளம்புகிற அன்று காலை பார்த்து அவள் முட்டை போட்டாள். நீ வாசலுக்கும் தொட்டிக்கும் நாலு தடவை நடந்தாய். கடைசியில் என் சட்டையைப் பிடித்தாய்.

"டிரம் எட்டு நாளைக்கு வரும். நீ குழாத் தண்ணிய தொடாத. சொட்ட மட்டும் எண்ணு. இதுங்களுக்கு எதுனா ஆச்சுன்னா உன்ன வெட்டிடுவேன்."

"போய்ட்டு வா மாமு. உன் பொண்டாட்டிய விட நல்லா பாத்துக்குறேன்."

நான் மாரியாத்தா கோயில்காரன். அந்த ஜெபத்தை உன்னைக் கிண்டல் பண்ணத்தான் கற்றுக்கொண்டிருந்தேன். எக்ஸ்பிரஸ் ரயில் மாதிரி ஒரே மூச்சில் முடித்துவிடுவேன். அந்த வேகத்துக்கு இருபது சொட்டு வரவேண்டுமே. திருகைத் திறந்தேன், இன்னும் திறந்தேன். எட்டு நாள் வரவேண்டிய டிரம் இரண்டே நாளில் காலி. நீதான் கணக்கில் கோட்டை விட்டாய் என்று நினைத்துக் குழாய்த் தண்ணீரைப் பிடித்து ஊற்றினேன். ஊரில் காலரா பேச்சு இருந்த வாரம் அது. தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் நெடி மூக்கை அறுத்தது.

முதலில் முட்டைகள் வெளுத்தன. அப்புறம் அவனும் அவளும் ஒருவரை ஒருவர் கடித்துக்கொண்டே செத்தார்கள்.

நீ மொட்டைத் தலையும் வெடித்த பாதமுமாக வந்து தொட்டி முன்னால் நின்றாய்.

"எப்டிடா எண்ணுன? சொல்லிக் காட்டு."

சொல்லிக் காட்டினேன், என் வேகத்தில். அதோடு நிறுத்தினேனா? "நீ சொல்ற ஸ்பீடுக்கு உன் மாதாவே தூங்கிப்பூடும்" என்றேன்.

முதல் குத்தில் தாடை போனது. இரண்டாவதில் இரண்டு பல். வாயில் ரத்தத்தோடு நானும் உன் மொட்டையைப் பிடித்துக் கண்ணாடியில் தள்ளினேன். நீ கையை ஊன்றினாய். கண்ணாடி வெடித்தது. தொட்டித் தண்ணீரும் செத்த மீன்களும் உன் ரத்தமும் சேர்ந்து வாசல் தாண்டித் தெருவுக்கு ஓடின. உன் மணிக்கட்டிலிருந்து ரத்தம் பீய்ச்சி என் முகத்தில் அடித்தது. கைக்கு அகப்பட்டது அந்த ரப்பர் குழாய்தான். பிடுங்கி உன் முழங்கைக்கு மேல் இறுக்கிக் கட்டினேன்.

ரிக்‌ஷாவில் என் மடியில் கிடந்தாய். உதடு வெள்ளையாகிவிட்டது. செத்துவிடுவாய் என்றே நினைத்தேன்.

"சொல்லுடா" என்றாய்.

"இன்னா சொல்லணும்?"

"மரியே. மெதுவா சொல்லு."

உடைந்த தாடையோடு வேகமாக எங்கே சொல்வது? ஒவ்வொரு சொல்லாக, எச்சிலும் ரத்தமும் வழியச் சொன்னேன். ஆஸ்பத்திரி வரைக்கும். உன் விரலிலிருந்து சொட்டியது குறைந்துகொண்டே வந்ததை நான் எண்ணிக்கொண்டே வந்தேன்.

நீ பிழைத்துக்கொண்டாய். போன மாசம்தான் உன்னைக் காசிமேட்டுக் கல்லறையில் இறக்கினார்கள். அதற்கு முன், கண்ணாடி வெட்டி அப்படியே வளைந்துபோன அந்த மணிக்கட்டை ஒரு தடவை தொட்டுப் பார்த்தேன்.

நேற்று நர்ஸ் பெண் கேட்டாள். "இன்னா தாத்தா முணுமுணுன்னுகினு கீற?"

"சொட்டு எண்ணுறேம்மா. இருவது வருதான்னு."

அவள் வாட்சைப் பார்த்து எண்ணிவிட்டு, "கரெக்டாத்தான் கீது, அந்தத் திருக தொடாத" என்றாள். தொடவில்லை. இப்போது எனக்கு அதை மெதுவாகத்தான் சொல்ல வருகிறது.

அவள் போன பிறகு வேண்டுமென்றே பழைய வேகத்தில் மூன்று தடவை சொல்லிப் பார்த்தேன். அடிக்க நீ வரவில்லை.