கம்பளி மூலையில் சிவப்பு நூல்

ஹாலிஎல, இலங்கை, 1913 ஐப்பசி

அன்பு மகன் காத்தமுத்துவுக்கு அப்பன் மாரிசாமி எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம். பினாங்கில் நீயும் சுகமாக இருப்பதாக உன் காகிதம் சொல்கிறது. உன்னைப் புதைத்து இரண்டு வருடம் ஆகப்போகிற நேரத்தில் அது வந்து சேர்ந்தது.

நீ யாரிடமும் சொல்லாமல் தோட்டத்தை விட்டு ஓடிய அடுத்த வாரம் அடைமழை. பதுளு ஓயா ஆற்றில் ஒரு பிரேதம் ஒதுங்கியிருப்பதாக ஆள் வந்து கூப்பிட்டான். முகம் முகமாக இல்லை, ஆனால் உடம்பில் கம்பளி சுற்றியிருந்தது. தோட்டத்தில் கொடுக்கிற கம்பளி எல்லாம் ஒரே கறுப்பு, அதனால்தானே லயத்து வரிசையில் ஒவ்வொரு வீட்டாரும் மூலையில் அடையாளம் தைக்கிறோம். அதில் நம் வீட்டுச் சிவப்பு நூல், உன் ஆத்தாள் போட்ட தையல். ஊர்த் தலைமைக்காரரான ஆராய்ச்சி வந்து, நிச்சயமா என்று கேட்டார், பெத்த புள்ளய எனக்குத் தெரியாதாங்க என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். உன் பெண்சாதி கருப்பம்மா மட்டும், இது அவுக காலு இல்ல மாமா, நல்லாப் பாருங்க மாமா என்று அந்தப் பாதத்தைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று நான்தான் அறைந்து இழுத்துப் போட்டேன். கருமாதியன்று நாலு பெண்கள் அமுக்கிப் பிடித்துத்தான் தாலியைக் கழற்ற வேண்டியிருந்தது. நீயோ, கம்பளியைப் பார்த்தால் தோட்டத்து ஆள் என்று தெரிந்துவிடும், அதனால் வழியில் ஒருவனுக்குக் கொடுத்து அவன் சட்டையை வாங்கிக்கொண்டேன் என்று இப்போது எழுதுகிறாய். நூல் நம்முடையதுதான், அதில் நான் தவறவில்லை.

வயசுப் பெண்ணை அறுத்துக்கட்டாமல் வைத்திருப்பது நம் சனத்தில் இல்லை. உன் தம்பி சின்னராசாவுக்கே கட்டிவைத்தோம். அவளுக்கு இது ஏழாம் மாதம். தைக்கு வந்து அவளைக் கூட்டிப்போகிறேன் என்கிறாய். நீ வாசலில் வந்து நின்றால் உன் தம்பி அவளுக்கு யார், வயிற்றில் இருப்பது யார்? உன் ஆத்தாளுக்கு வாசித்துக் காட்டினேன். எம் புள்ள உசுரோட இருக்கானா சாமி என்று தரையில் விழுந்து அழுதாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வர வேணாம்னு எழுதிருங்க என்றாள். உன் காகிதத்தை அடுப்பில் போட்டதும் அவள்தான். சின்னராசாவுக்கும் கருப்பம்மாவுக்கும் தெரியாது, தெரியவும் விடமாட்டேன். மீறி வந்தால் ஓடிப்போன ஆள் என்று பெரிய கங்காணி போலீசில் பிடித்துக் கொடுப்பார், நான் குறுக்கே நிற்கமாட்டேன்.

அங்கேயே நல்ல பெண்ணாகப் பார்த்துக் கட்டிக்கொள். கள்ளுக்கடைப் பக்கம் போகாதே. மனதில் குறை வைக்காதே, கருப்பம்மா உன்னை மறந்துவிட்டாள். அமாவாசைதோறும் நாங்கள் உன் குழிமேட்டில் விளக்கு வைத்துச் சோறு படைக்கிறோம், அவள் ஒருத்தி அந்தப் பக்கம் எட்டியும் பார்த்ததில்லை. ஒரு சொட்டுக் கண்ணீர் கிடையாது. சாயங்காலம் கொழுந்து நிறுத்து முடிந்ததும் பதுளை ரோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பாள், பிள்ளைத்தாய்ச்சிக்குக் காற்று வேண்டும்தானே. அவள் மனம் எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

கதிர்காமத்தான் உனக்கு நூறு வயசு கொடுக்கட்டும். இதைப் படித்ததும் கிழித்துவிடு. தைக்கு வராதே.

இப்படிக்கு,
உனக்குப் பிடிமண் போட்ட அப்பன்,
மாரிசாமி